பழைய எகிப்து: இலவசப் புத்தகமா? முதலில் ஆண்டைப் பாருங்கள்!

எகிப்து என்றதும் பிரமிடும் மம்மியும் நினைவுக்கு வராதவர் யாரும் இருக்க முடியாது. பள்ளிப் பாடத்தில் இரண்டு பக்கம், தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நிகழ்ச்சி, ஒன்றிரண்டு ஹாலிவுட் படங்கள். நம்மில் பலருக்கு எகிப்து அவ்வளவு தான். அதற்கு மேல் தெரிந்து கொள்ள வேண்டுமென்றால் புத்தகம் தான் வழி. ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்புகளின் விலையைப் பார்த்தால் அந்த ஆசை அங்கேயே மம்மியாகி விடும். கல்லூரி நூலகங்களிலும் இந்தத் துறைக்கென்று பெரிதாக அலமாரி இருப்பதில்லை. ஆகவே நம்மைப் போன்ற மாணவர்கள் இணையத்தில் இலவசமாகத் தேடுகிறோம்.

கிடைக்கிறதா என்றால், கிடைக்கிறது. நிறையவே கிடைக்கிறது. பிரச்சினையே அது தான்! எகிப்தைப் பற்றி இலவசப் புத்தகத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் தேடியவுடன் முதலில் கையில் வந்து விழுவது பெரும்பாலும் நூறு வருடம் பழையது. அதைவிட நல்ல, புதிய புத்தகங்களும் அதே விலைக்கு, அதாவது சும்மாவே கிடைக்கின்றன. அவை இருக்கும் இடம் தான் பலருக்குத் தெரிவதில்லை. இலவசப் புத்தகம் தேடுகிறவர் தலைப்பைப் பார்ப்பதற்கு முன் வெளியான ஆண்டைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வந்து நிற்பவர் பட்ஜ்

எகிப்து பற்றி இலவசமாக என்ன தேடினாலும் வந்து நிற்கும் ஒரு பெயர் வாலிஸ் பட்ஜ். 1894 முதல் 1924 வரை பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்திய, அசீரியப் பிரிவின் தலைவராக இருந்தவர். எழுதிக் குவித்தவர். இறந்தவர்களின் புத்தகம் என்று சொல்லப்படும் மந்திரத் தொகுப்பின் புகழ்பெற்ற பிரதியான அனியின் பாப்பிரஸை 1895ல் மொழிபெயர்த்தார். எகிப்தியக் கடவுள்களைப் பற்றி 1904ல் இரண்டு தொகுதி எழுதினார். 1920ல் பெரிய ஹைரோகிளிஃப் அகராதி ஒன்றும் போட்டார். எல்லாமே இன்று இலவசம். மலிவு விலை மறுபதிப்புகளும் ஏராளம்.

பட்ஜ் உழைப்பாளி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் காலத்திலேயே பெர்லினில் இருந்த அறிஞர்கள் எகிப்திய மொழி இலக்கணத்தைப் புது வழியில் ஆராய ஆரம்பித்து விட்டார்கள். சொற்களை எப்படி ஒலிபெயர்ப்பது என்று அவர்கள் வகுத்த முறையைப் பட்ஜ் ஏற்கவில்லை. அதனால் அவருடைய அகராதியில் படித்துவிட்டு இன்றைய இலக்கணப் புத்தகம் ஒன்றைத் திறந்தால் ஒரே சொல் வேறு வேறு எழுத்தில் நிற்கும். 1994ல் வந்த ஸ்டார்கேட் என்ற படத்திலேயே, பட்ஜை இன்னும் ஏன் மறுபதிப்பு செய்கிறார்கள் என்று ஒரு பாத்திரம் அலுத்துக் கொள்ளும். சினிமாவில் கேலி செய்யும் அளவுக்குப் பழசான விஷயம் இது. ஆனாலும் நாம் இன்றும் அவரிடமிருந்து தான் ஆரம்பிக்கிறோம். காரணம், அவர் இலவசம்.

வேடிக்கை என்னவென்றால், இதே இறந்தவர்களின் புத்தகத்துக்கு இதைவிட நல்ல மொழிபெயர்ப்பும் இலவசமாகவே இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகம் 1974ல் வெளியிட்ட தாமஸ் ஜார்ஜ் ஆலனின் மொழிபெயர்ப்பு அது. அதே பல்கலைக்கழகம் 2017ல் ஒரு கண்காட்சியை ஒட்டி, இந்த நூலைப் பற்றிய இன்றைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் படங்களுடன் ஒரு பெரிய புத்தகம் போட்டது. இரண்டையும் பிடிஎஃப் ஆக அவர்கள் தளத்திலேயே இறக்கிக் கொள்ளலாம். 1895க்கும் 2017க்கும் விலை வித்தியாசம் பூஜ்யம்.

பழசு ஏன் முதலில் வருகிறது?

இது யாருடைய சதியும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் விளைவு. அமெரிக்காவில் பழைய புத்தகங்களுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டு. பிரிட்டனில் 70 ஆண்டு. அந்தக் கெடு முடிந்தால் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். புராஜெக்ட் குட்டன்பெர்க், இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற தளங்களில் பழைய புத்தகங்கள் குவிந்திருப்பது இதனால் தான்.

ஓர் உதாரணம். ஆலன் கார்டினரின் எகிப்திய இலக்கணம் 1927ல் முதலில் வந்தது. ஹைரோகிளிஃப் கற்பவர்கள் இன்றும் மதிக்கும் புத்தகம். கார்டினர் இறந்தது 1963. அமெரிக்காவில் முதல் பதிப்பின் உரிமை 2022ஆம் ஆண்டோடு முடிந்தது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டோடு. அவருடைய சொந்த நாடான பிரிட்டனில் 2033 முடிய வேண்டும். ஒரே புத்தகம், மூன்று நாட்டில் மூன்று கணக்கு!

புத்தகத்தில் இருப்பது சரியா தவறா என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. வயதை மட்டும் தான் பார்க்கிறது. ஆகவே இலவச அலமாரியின் முன்வரிசை அறிஞர்கள் அடுக்கியது அல்ல, காலண்டர் அடுக்கியது. இதை மறந்துவிட்டுப் படித்தால் தான் ஆபத்து.

நாலாயிரம் வருடக் கதைக்கு நூறு வருடம் ஒரு பெரிய விஷயமா?

இப்படி ஒரு கேள்வி எழலாம். பிரமிடே நாலாயிரத்து ஐந்நூறு வருடம் பழசு, அதைப் பற்றிய புத்தகம் நூறு வருடம் பழசாக இருந்தால் என்ன? எகிப்து பழசு தான். எகிப்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பழசு இல்லை.

துட்டன்காமன் கல்லறையின் முதல் படிக்கட்டு தெரிந்தது 1922 நவம்பர் 4ஆம் தேதி. மாஸ்பெரோவின் பல தொகுதி வரலாறும் 1905ல் பிரெஸ்டெட் எழுதிய எகிப்து வரலாறும் இலவசத் தளங்களில் நிறையப் பேர் எடுக்கும் புத்தகங்கள். இரண்டுமே அதற்கு முன் எழுதப்பட்டவை. உலகமே அறிந்த அந்தக் கல்லறை பற்றி அவற்றில் ஒரு வரி இருக்க வழியில்லை.

பிரமிடு கட்டியவர்களை எடுத்துக் கொள்ளுங்கள். சாட்டையடி வாங்கும் அடிமைகள் கல் இழுக்கும் காட்சி நம் மண்டையில் பதிந்து கிடக்கிறது. கீசா பிரமிடுகளுக்குத் தெற்கே, வேலை செய்தவர்கள் வாழ்ந்த ஊரை மார்க் லேனர் குழுவினர் தோண்டினார்கள். ரொட்டி சுட்ட கூடங்களும், ஆடு மாடு தின்ற எலும்புக் குவியல்களும் வெளிவந்தன. வேலையாட்களின் கல்லறைகள் 1990ல் கண்டுபிடிக்கப்பட்டன. 2013ல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பியர் தாலே குழுவுக்குப் பாப்பிரஸ் துண்டுகள் கிடைத்தன. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவை அவை. மெரெர் என்ற மேற்பார்வையாளர் சுமார் நாற்பது ஆட்களோடு துரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டு போனதை நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். பெரிய பிரமிடு கட்டும் வேலையில் இருந்த ஒருவரின் வேலைக் குறிப்பு! 2013க்கு முன் வந்த எந்தப் புத்தகத்திலும் இது இருக்காது.

புதிய செய்தி இல்லாமல் போவது கூடப் பரவாயில்லை. பழைய புத்தகத்தில் பழைய மனநிலையும் சேர்ந்து வருகிறது. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அகழாய்வு முறைகளை ஒழுங்குபடுத்திய பெரிய மனிதர். அவரே, எகிப்திய நாகரிகத்தை உருவாக்கியது கிழக்கிலிருந்து படையெடுத்து வந்த ஓர் உயர்ந்த இனம் என்று எழுதினார். இன்று அறிஞர்கள் கைவிட்டு விட்ட கொள்கை அது. ஜார்ஜ் ரைஸ்னர் 1913 முதல் 1916 வரை சூடானில் உள்ள கெர்மாவில் தோண்டினார். அங்கே கிடைத்த பெரிய கல்லறைகளும் கட்டடங்களும் நூபியர்களுடையவை என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை. எகிப்திய ஆளுநர்களின் வணிகத் தலம் என்று 1923ல் எழுதினார். பிறகு சார்ல்ஸ் போனே தலைமையில் சுவிஸ் குழு பல பத்தாண்டுகள் தோண்டி, அது ஆப்பிரிக்கர்களின் சொந்த ராஜ்யத்தின் தலைநகரம் என்று நிறுவியது.

காசு உள்ளவர் புதிய புத்தகத்தை வாங்கி இதைத் தெரிந்து கொள்வார். காசில்லாதவர் இலவசப் பிரதியைத் திறந்து, கறுப்பர்களால் இதெல்லாம் முடியாது என்று நம்பிய காலத்தின் புத்தகத்தைப் படிப்பார். காலனி ஆட்சியில் இருந்த நாட்டிலிருந்து வந்த நாமே காலனிக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு இன்னொரு நாட்டைப் பார்ப்பது சரியா? என்னைக் கேட்டால் இதில் இழப்பு நிறைய.

ஒரே அலமாரியில் இரண்டு ஹட்ஷெப்சுட்

ஆண்டைப் பார்க்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் 2012 முதல் தன் வெளியீடுகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதில் வில்லியம் ஹேய்ஸ் எழுதிய "எகிப்தின் செங்கோல்" என்ற இரண்டு தொகுதிப் புத்தகம் இருக்கிறது. இரண்டாம் தொகுதி 1959ல் வந்தது. பெண்ணாக இருந்து ஃபாரோவாக ஆண்ட ஹட்ஷெப்சுட்டை அதில் பேராசை பிடித்தவள், நேர்மையற்றவள் என்கிற தோரணையில் ஹேய்ஸ் எழுதியிருப்பார். அந்தக் காலத்துக் கதை இது தான்: சின்னப் பையனான மூன்றாம் துட்மோஸின் அரியணையை அவள் பறித்துக் கொண்டாள். அவள் இறந்ததும் அவன் ஆத்திரத்தில் அவள் சிலைகளையெல்லாம் உடைத்துப் போட்டான். நம் டிவி சீரியல் சித்தி கதை மாதிரியே இருக்கிறது இல்லையா?

அதே தளத்தில் 2005ல் வந்த ஹட்ஷெப்சுட் கண்காட்சிப் புத்தகமும் இருக்கிறது. பல அறிஞர்கள் சேர்ந்து எழுதியது. அதைப் படித்தால் வேறொரு பெண் தெரிவாள். பெரிய கோயில் கட்டியவள், புண்ட் நாட்டுக்கு வணிகக் குழு அனுப்பியவள், துட்மோஸும் கூட ராஜாவாகவே இருக்க, அவனோடு சேர்ந்து ஆண்டவள். அவள் பெயரை அழித்தது அவள் இறந்து சுமார் இருபது வருடம் கழித்துத் தான் என்பதை 1960களிலேயே அறிஞர்கள் காட்டி விட்டார்கள். இருபது வருடம் காத்திருந்து வருகிற ஆத்திரமா? அடுத்த வாரிசுக்கு வழி செய்யும் அரசியல் கணக்காக இருக்கலாம் என்பது இன்று பலர் சொல்லும் விளக்கம். கதை அதோடும் நிற்கவில்லை. 2025ல் ஆன்டிக்விட்டி என்ற ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று, பல சிலைகள் கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று ஒரே ஒழுங்கில் உடைந்திருப்பதைக் காட்டியது. மற்ற மன்னர்களின் சிலைகளுக்கும் இப்படிச் சடங்காகச் செய்வதுண்டு, சக்தியை எடுத்து விடுவதற்காக. எல்லாமே வெறுப்பு இல்லை.

இரண்டு புத்தகமும் ஒரே மியூசியம் போட்டது. இரண்டும் இலவசம். இரண்டிலும் அழகான படங்கள். எதை முதலில் திறக்கிறோமோ அந்த ராணி தான் நம் மனதில் நிற்பாள். நடுவில் இருப்பது 46 வருடம். அதை அட்டைக்கு அடுத்த பக்கத்தில் இரண்டு நொடியில் பார்த்து விடலாம்.

அப்படியானால் எங்கே தேடுவது?

தேடுபொறியில் "இலவசம்" என்ற சொல்லைப் போட்டுத் தேடாதீர்கள். நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. நான் முதலில் சொல்வது சிகாகோவை. 1919ல் பிரெஸ்டெட் தொடங்கிய ஓரியண்டல் இன்ஸ்டிட்யூட் 2023ல் பண்டைய பண்பாடுகள் ஆய்வு நிறுவனம் என்று பெயர் மாறியது. தான் வெளியிட்ட ஆய்வு நூல்களைப் பிடிஎஃப் ஆகச் சும்மா தருகிறது. பிரமிடுகளுக்கு முந்தைய எகிப்து பற்றி 2011ல் வந்த கண்காட்சி நூல் ஆரம்ப வாசகருக்கும் புரியும்.

தனித்தனித் தலைப்பாகப் படிக்க விரும்பினால் கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ எகிப்தியல் கலைக்களஞ்சியம். ஒவ்வொரு கட்டுரையும் அந்தத் துறை அறிஞர் எழுதி, வேறு அறிஞர்கள் சரிபார்த்தது. கட்டுரையிலேயே ஆண்டு போட்டிருக்கும். கீசா பற்றி மட்டும் வேண்டுமென்றால் ஹார்வர்டின் டிஜிட்டல் கீசா தளம். நெஃபர்தாரி கல்லறை ஓவியங்களைக் காப்பாற்றிய கதை வேண்டுமென்றால் கெட்டி நிறுவனத்தின் இலவச நூலகம். துட்டன்காமனுக்கு ஆக்ஸ்போர்டின் கிரிஃபித் இன்ஸ்டிட்யூட். ஹோவர்ட் கார்ட்டரின் நாட்குறிப்பு, ஒவ்வொரு பொருளுக்கும் அவர் எழுதிய அட்டை, ஹாரி பர்ட்டன் எடுத்த புகைப்படங்கள் எல்லாம் அங்கே உண்டு. கார்ட்டரே தன் கையால் எழுதிய குறிப்பை நம் வீட்டிலிருந்து படிக்கலாம். பட்ஜ் அகராதிக்குப் பதிலாகப் பெர்லின் அறிஞர்கள் நடத்தும் எகிப்தியச் சொற்களஞ்சியத் தளம் இருக்கிறது. ஜெர்மன் மொழி அதிகம் என்பது மட்டும் குறை.

பழசைத் தூக்கி எறிந்து விடலாமா?

கூடவே கூடாது. இங்கே தான் கவனம் வேண்டும். பழைய புத்தகத்தில் விளக்கம் கெட்டுப் போகும், ஆனால் படம் கெட்டுப் போகாது. 1798ல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன பிரெஞ்சு அறிஞர்கள் கண்டதையெல்லாம் வரைந்தார்கள். "எகிப்தின் விவரிப்பு" என்று 1809 முதல் தொகுதி தொகுதியாக வந்த அந்தப் படைப்பை அலெக்ஸாண்டிரியா நூலகம் இன்று இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் எலிஃபண்டைன் தீவில் மூன்றாம் அமென்ஹோதெப் கட்டிய ஒரு சிறு கோயிலின் படம் உண்டு. அந்தக் கோயிலை 1822ல் கல்லுக்காக இடித்து விட்டார்கள். இன்று படம் மட்டும் தான் மிச்சம். அதே 1822ல் தான் ஷம்போலியன் ஹைரோகிளிஃப் புதிரை அவிழ்த்ததாக அறிவித்தார். அதாவது வரைந்தவர்களுக்கு தாங்கள் வரைந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. அவர்களுடைய விளக்கம் இன்று செல்லாது, படமோ பொக்கிஷம்.

லெப்சியஸ் 1842 முதல் 1845 வரை போய் வரைந்து வந்தவையும் அப்படித் தான். 1924 முதல் லக்சரில் வேலை செய்யும் சிகாகோ குழுவின் மெதினெத் ஹாபு தொகுதிகள் இன்னும் ஒரு படி மேல். முதலில் புகைப்படம், அதன் மேல் பென்சில் கோடு, பிறகு மை, பிறகு அறிஞர்கள் சுவருக்கு முன்னாலேயே நின்று வரி வரியாகச் சரிபார்ப்பு. அதனால் தான் 1930ல் வந்த முதல் தொகுதியை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், படத்துக்குப் பழசு, விளக்கத்துக்குப் புதுசு.

திருட்டு பிடிஎஃப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே சொன்னவற்றைப் படித்து முடிக்கவே வருடங்கள் ஆகும். அப்புறம் எதற்குத் திருட்டு? இன்டர்நெட் ஆர்க்கைவ் புதிய புத்தகங்களை ஸ்கேன் செய்து இரவல் கொடுத்து வந்ததை எதிர்த்துப் பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023ல் ஜெயித்தார்கள். 2024ல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இரவலிலிருந்து போய் விட்டன. ஆகவே உரிமையாளரே மனமுவந்து கொடுப்பதைப் பிடித்துக் கொள்வது தான் நமக்கு நிரந்தரம்.

இலவசம் என்பது தானமா?

இந்த மியூசியங்கள் நமக்குப் பெரிய உபகாரம் செய்கின்றன என்று பலர் சொல்வார்கள். நன்றி சொல்ல வேண்டியது தான். ஆனால் இதைத் தானம் என்று சொல்ல மாட்டேன். அனியின் பாப்பிரஸ் எப்படி லண்டன் போனது தெரியுமா? 1888ல் பட்ஜ் லக்சரில் வாங்கிய பொருட்கள் இருந்த வீட்டுக்குப் போலீஸ் சீல் வைத்து விட்டது. பக்கத்து ஹோட்டல் தோட்டத்திலிருந்து இரவில் சுவருக்கு அடியில் தோண்டிப் பொருட்களை வெளியே எடுத்ததை 1920ல் அவரே பெருமையாக எழுதியிருக்கிறார். பிறகு 78 அடி நீளச் சுருளை 37 துண்டாக வெட்டிச் சட்டம் போட்டார்கள். இன்று கெய்ரோவில் படிக்கும் ஒரு மாணவி தன் ஊரின் அந்தச் சுருளை நேரில் பார்க்க விசா வாங்கிக் கொண்டு விமானம் ஏற வேண்டும். அதைப் பற்றிய நல்ல புத்தகத்தையாவது அவள் சும்மா படிக்கட்டுமே. பொருளைக் கொண்டு போனவர்கள் அறிவையாவது திறந்து வைப்பது கடமை. சிகாகோவும் நியூயார்க்கும் செய்ய முடிவதை மற்றவர்களும் செய்ய முடியும்.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ரோமானியர் காலத்து இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் அந்தக் கடற்கரையில் கிடைத்திருக்கின்றன. உண்மையே இவ்வளவு சுவையாக இருக்கும் போது, பிரமிடைக் கட்டியதே நாங்கள் தான் என்று கிளம்பும் கட்டுக்கதைகள் நமக்குத் தேவையில்லை. நல்ல புத்தகம் கையில் இருந்தால் அப்படிப்பட்ட கதை வரும் போது, எந்த ஆண்டு, யார் தோண்டியது, எங்கே வெளியானது என்று கேட்கத் தோன்றும்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஓர் இலவசப் புத்தகத்தைத் திறக்கும் போது இரண்டாம் பக்கத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். யார் வெளியிட்டது, எப்போது வெளியிட்டது என்று பாருங்கள். 1930க்கு முந்தையது என்றால் படங்களை ரசியுங்கள், கருத்தை இன்னொரு புதிய புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகு நம்புங்கள். எதில் தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் அந்த 2005 ஹட்ஷெப்சுட் புத்தகத்தை எடுங்கள். படிக்கச் சலித்தால் படம் பார்த்துக் கொண்டே போகலாம். இதைவிட நல்லதாக ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் எனக்கும் மறக்காமல் சொல்லுங்கள். ஆண்டோடு சேர்த்து!